இக்கரை வாசிகள்

கண்டியில் சைக்கிள் பாதை போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஊர் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? ஏறி இறங்கியே ஆயுள் போகிற ஊர் இது. இங்கே சைக்கிள் வைத்திருக்கிறவன் இறக்கத்தில் அதில் ஏறிப் போவான், ஏற்றத்தில் அதைத் தள்ளிக்கொண்டு வருவான். ஆனால் இந்தப் பாதை வரப்போவது வாய்க்கால் கரையில். வாவியில் நிரம்பி வழிகிற தண்ணீர் மெத எல என்ற வாய்க்காலாக ஊருக்குள்ளால் இறங்கி, கெட்டம்பேயில் மகாவலியோடு சேர்கிறது. அந்தக் கரை நெடுக நடக்கிறவர்களுக்கு ஒரு பட்டை, சைக்கிளுக்கு ஒரு பட்டை என்று கல் பதிக்கப் போகிறார்களாம். வாய்க்கால் கரையில் மேடு பள்ளம் இல்லை என்பது என்னவோ உண்மைதான்.

சிரிக்காத ஆள் ஒருத்தி இருந்தாள். முல்கம்பொலையில் வாய்க்காலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒன்பது வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அதில் கடைசி வீடு அவளுடையது. பெயர் றீற்றா. வயது அறுபத்திரண்டு. சொந்த இடம் யாழ்ப்பாணத்தில் குருநகர். தபால் கந்தோரில் முப்பத்து நாலு வருட உத்தியோகம், அதில் இருபத்தாறு வருடம் கண்டியில். கலியாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்டால் பெரிய காதல் கதை ஏதும் வராது. இடம்பெயர்வும் இடமாற்றமும் மாறி மாறி வந்ததில் அந்த விஷயம் அப்படியே தள்ளிப்போய்விட்டது. ஒரே தங்கச்சி நோர்வேயில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டு வேலை.

உத்தியோகத்தில் இருந்த காலத்தில் றீற்றா யாரையும் தேடிப் போனதில்லை. போக வேண்டிய தேவை இருக்கவில்லை. காலை எட்டு மணிக்குக் கண்ணாடி ஜன்னலைத் திறந்தால் ஆட்கள் தாமாக வரிசையில் வந்து நின்றார்கள். மகனுக்குப் பார்சல் அனுப்புகிற தாய், வேலைக்கு விண்ணப்பம் போடுகிற பெடியன், வழக்குக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்குகிற கிழவர் என்று எல்லாரும் இரண்டு நிமிடத்துக்கு அவளுடைய ஆட்களாக இருந்தார்கள். அதுவே ஒரு மனுசிக்குப் போதும் என்று அவள் நினைத்திருந்தாள். ஓய்வு பெற்ற அடுத்த திங்கட்கிழமை வரிசை நின்றுபோனது.

அதற்குப் பிறகு வீடு, ஞாயிற்றுக்கிழமை பூசை, மறுபடி வீடு. ஒரு புதன்கிழமை மீன்காரனிடம் "என்ன மீன்?" என்று கேட்கப்போனால் தொண்டை கரகரத்துக் குரல் வரவில்லை. தடிமன் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு யோசித்துப் பார்த்தால், ஞாயிறு பூசையில் பக்கத்து வாங்கில் இருந்தவளுக்குக் கைகூப்பி 'சமாதானம்' சொன்னதற்குப் பிறகு அதுதான் அவள் பேசிய முதல் பேச்சு. அன்றைக்கு மீனை வெட்டிக்கொண்டு அவள் அழுதாள். வெட்கப்படாமல் சொல்ல வேண்டியதுதான், தனிமை அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் நிஷாந்தி வந்தாள். பாதைத் திட்டத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர், ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, தலையில் மஞ்சள் தொப்பியும் கையில் அளவு நாடாவுமாகப் படலையில் நின்றாள்.

"மிஸ், பின்னால கொஞ்சம் போய் அளந்துக்கலாமா? அஞ்சு நிமிஷம்தான்."

"அஞ்சு நிமிசமோ? தேத்தண்ணி குடிச்சிட்டு ஆறுதலா அளக்கலாம். இருங்கோ பிள்ளை."

நிஷாந்தி குசினிப் படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தாள். குடித்துக்கொண்டே மடியில் வரைபடத்தை விரித்தாள். வாய்க்கால் நீலக் கோடாக நெளிந்தது. அதன் இந்தக் கரையில், ஒன்பது வீடுகளின் பின்பக்கத்தை ஒட்டி, பாதை சிவப்புக் கோடாக ஓடியது. கடைசி வீட்டின் பின் படலைக்கு நேரே ஒரு சின்னக் கட்டம் இருந்தது.

"இது என்ன பிள்ளை?"

"பெஞ்ச் மிஸ். இந்தப் பாதையில மொத்தம் இருவது பெஞ்ச் வருது. இந்த இடத்துல நல்ல நிழலு இருக்குன்னு நான்தான் ஒண்ணு போட்டேன். கதவத் தொறந்தா உங்களுக்குப் பேச்சுத்துணைக்கு யாராச்சும் ஒக்காந்திருப்பாங்க."

சொன்னவள் விளையாட்டுக்குச் சொன்னாள். கேட்டவள் அப்படிக் கேட்கவில்லை. நிஷாந்தி போன பிறகு றீற்றா பின் படலையைத் திறந்து, பெஞ்ச் வரப்போகிற இடத்தில் போய் நின்று பார்த்தாள். ஒரு கறிவேப்பிலை மரமும் ஒரு பப்பாசியும்தான் அங்கே இருந்தன. நடந்து களைத்து வருகிறவர்கள் தண்ணீர் கேட்பார்கள், ஒரு செம்பும் இரண்டு கிளாசும் படிக்கட்டில் வைக்கலாம் என்று திட்டம் போட்டாள். பதினாறு வயதில் கொன்வென்றுக்கு லேடீஸ் சைக்கிளில் போனவள்தானே, தானும் ஒரு சைக்கிள் வாங்கினால் என்ன என்றுகூட நினைத்தாள். அந்தக் கிழமை முழுக்க அவள் நல்ல சந்தோசமாக இருந்தாள்.

மற்ற எட்டு வீட்டாரும் அந்த வரைபடத்தைப் பார்த்துப் பயந்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. வாய்க்கால் ஓரத்தில் எட்டடி நிலம் அரசாங்கத்துடையது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஆளுக்கு ஆள் அதில் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். நகரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற மோகனராஜ் அங்கே தகரம் அடித்து வெங்காய மூட்டை அடுக்கியிருந்தார். பக்கத்து வீட்டு ஸனாவுக்குக் கோழிக்கூடும் உடுப்புக் கொடியும். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற விஜேகோன் மாத்தயாவுக்கு ஓர்க்கிட் பந்தல். பாதை வந்தால் எல்லாம் போகும். அதோடு வருகிறவன் போகிறவன் எல்லாம் குசினியை எட்டிப் பார்ப்பான். ஆட்சேபனை இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று கிராம சேவகர் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார்.

எழுத்தில் என்றால் சிங்களத்தில். அதுவும் கந்தோர்ச் சிங்களத்தில். பேசுகிற சிங்களம் எல்லாரிடமும் தாராளமாக இருந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு கந்தோருக்கு எழுத முடியாது. விஜேகோன் மாத்தயா தாய்மொழிக்காரர்தான், அவரும் வங்கியில் ஆயுள் முழுக்க ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர். கந்தோர்ச் சிங்களம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் அந்த வரிசையில் குருநகர்க்காரிதான். சம்பள உயர்வுக்காகச் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குப் படித்து, முதல் தரத்தில் பாஸ் பண்ணி, பிறகு இருபத்தாறு வருடம் ஊராருடைய பெட்டிசம், மனு எல்லாவற்றையும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து திருத்திக் கொடுத்தவள் அவள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூன்று பேரும் ஒன்றாக வந்தார்கள். அவள் அங்கே குடிவந்த பன்னிரண்டு வருடத்தில் அந்த வீட்டுக்குள் அவர்கள் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"மிஸ், நீங்கதான் எழுதணும்," என்றார் மோகனராஜ். "நமக்கு வாய்தான் நீளும். பேனா புடிச்சா கை ஓடாது."

"எங்கட ஊட்டுக்காரரும் அதத்தான் சென்னார்," என்றாள் ஸனா. "மிஸ் எழுதினா அது எழுத்துன்னு சென்னார்."

றீற்றா வாயைத் திறந்தாள். எனக்கு அந்தப் பாதை வேண்டும் என்று அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மூன்று பேரும் எழுந்து போய்விடுவார்கள், பிறகு தெருவில் கண்டால் தலையாட்டவும் மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பேசாமல் உள்ளே போய் விசுக்கோத்துப் பெட்டியை எடுத்து வந்தாள்.

பெட்டிசம் எழுதப் பதினொரு நாள் பிடித்தது. ஒரே நாளில் முடிக்கக்கூடிய வேலை அது. றீற்றா இழுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்கு மோகனராஜிடம் விபரம் கேட்க வேண்டும், நாளைக்கு விஜேகோன் மாத்தயா பழைய காணி உறுதியைத் தேடிக் கொண்டுவர வேண்டும், மறுநாள் எல்லாரும் உட்கார்ந்து வாசித்துப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு பின்னேரத்துக்கும் ஒரு வேலை வைத்தாள். வீட்டில் இருந்த நாலு கதிரை போதாமல் ஸனா தன் வீட்டிலிருந்து ஆறு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து போட்டாள். ஒரு நாள் றோல்ஸ் வந்தது, ஒரு நாள் கொக்கிஸ் வந்தது. விஜேகோன் மாத்தயாவின் மனைவி தன் முழங்கால் வருத்தத்தை ஒரு மணித்தியாலம் சொன்னாள். றீற்றா அதைக் கேட்டுக் களைக்கவே இல்லை. எட்டு மணிக்கு அவர்கள் போன பிறகும் வீடு ஆட்கள் இருந்த வீடாகவே இருந்தது.

அவளுக்கு ஒரு திட்டமும் இருந்தது. பெட்டிசத்தைச் சப்பென்று எழுதிவிடுவது. சாதாரணத் தபாலில் ஒரு முத்திரை ஒட்டிப் போட்டுவிடுவது. தபால் கந்தோரில் முப்பத்து நாலு வருடம் இருந்தவளுக்குத் தெரியாதா, சாதாரணத் தபாலில் வரும் பெட்டிசம் யாரோ ஒருவருடைய மேசை லாச்சியில் படுத்து உறங்கிவிடும். பதிவுத் தபாலில், ஐந்து இடத்துக்குப் பிரதியோடு, கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்புகிற அட்டையும் இணைத்துப் போகிற பெட்டிசத்துக்குத்தான் கந்தோர் பயப்படும். சாதாரணத் தபாலில் போட்டால் அயலவர்களும் மனம் நோக மாட்டார்கள், பாதையும் தப்பும், பெஞ்சும் வரும்.

சப்பென்று எழுதும் திட்டம் முதல் பந்தியிலேயே கெட்டுப்போனது. விஜேகோன் மாத்தயா அதை உரக்க வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, எங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு சிங்களம் எழுத வராதே என்று சிங்களத்தில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். றீற்றாவின் முகம் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு பேனா அவள் சொல்லைக் கேட்கவில்லை. கரைச் சுவரின் வெடிப்பு, மழைக்கால வெள்ளம், பின்பக்கக் குளியலறைக் குழாய்கள், பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்துக் கட்டினாள். முடிவில், கேட்டவர்கள் எல்லாரும் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்ன ஒரு வசனம் எழுதினாள். 'இக்கரை வாசிகளாகிய எமக்கு இப்பாதையினால் இன்றோ இனி எக்காலத்திலோ எவ்விதத் தேவையும் இல்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

ஒன்பது வீட்டுக் கையெழுத்தும் வாங்கி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் நகருக்குப் போனாள். பழகிய தபால் கந்தோர்தான். அவளுடைய ஜன்னலில் இப்போது வேறொரு பிள்ளை இருந்தாள். உறையை எடுத்துக்கொண்டு வெளியே நிற்கும் சிவப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உள்ளே போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போது கைத்தொலைபேசி அடித்தது.

"மிஸ், ரெஜிஸ்டர் பண்ணிட்டீங்களா?" ஸனாவின் குரல் அவசரத்தில் இருந்தது. "துண்டப் பத்திரமா வெச்சிக்கோங்க. எல்லாரும் இன்டெக்கிப் பின்னேரம் உங்கட ஊட்டுக்கு வாரோம், துண்டப் பாக்க. நான் வட்டிலப்பம் செஞ்சீக்கிறேன்."

ரசீதுத் துண்டு இல்லாவிட்டால் என்ன சொல்வது? தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் துண்டைப் பார்க்க எல்லாரும் வருகிறார்கள். எல்லாரும் வருகிறார்கள் என்பதைத்தான் அவளுடைய மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. றீற்றா உள்ளே போய், தன்னுடைய பழைய ஜன்னலுக்கு முன்னால், வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசையில் நின்றாள். மூலமும் ஐந்து பிரதியுமாகப் பதிவுத் தபாலில் ஆறு உறை அனுப்பினாள். அட்டையும் இணைத்தாள்.

அன்று பின்னேரம் துண்டு கை மாறிக் கை மாறி வீட்டைச் சுற்றி வந்தது. வட்டிலப்பம் நன்றாக இருந்தது.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. வாசிகளின் நியாயமான ஆட்சேபனையைக் கருத்திற்கொண்டு பாதை எதிர்க்கரைக்கு மாற்றப்படுகிறது. மோகனராஜ் அவளுக்குப் பொன்னாடை போர்த்தாத குறைதான். அடுத்த நாள் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஸனாவின் மகள் வந்து, வீட்டில் ஒரு விசேசம் இருக்கிறது என்று ஆறு கதிரையையும் எடுத்துக்கொண்டு போனாள். அவர்கள் கெட்ட மனிதர்கள் இல்லை. படலையில் கண்டால் சிரித்தார்கள், "எப்பிடி மிஸ்?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்க நேரமில்லாமல் போனார்கள். அவரவருக்கு அவரவர் பாடு.

எதிர்க்கரையில் வேலை தொடங்கியது. றீற்றா குசினி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். மண்ணை வெட்டினார்கள், கருங்கல் அடுக்கினார்கள், மணலைக் கொட்டி மட்டம் பார்த்தார்கள், சாம்பல் நிறக் கல்லும் சிவப்புக் கல்லும் பதித்தார்கள். மஞ்சள் தொப்பியோடு நிஷாந்தி அங்கே நின்று கத்திக்கொண்டிருப்பாள். ஒருநாள் றீற்றா கையை ஆட்டினாள். நிஷாந்தி பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் யாரென்று தெரியவில்லை. வாய்க்கால் அகலம் இருபது அடிதான். தண்ணீர் முழங்காலுக்கு மேல் வராது. ஆனால் இறங்கிக் கடக்க முடியாதபடி இரண்டு பக்கமும் ஒரு ஆள் உயரத்துக்குச் சுவர்.

பாதை திறந்ததும் சிரித்த ஊர் முழுக்க அங்கே வந்துவிட்டது. விடியற்காலையில் சீனி வருத்தக்காரர்கள் கையை வீசிக்கொண்டு நடந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் சைக்கிளில் வந்தார்கள். ஹந்தானையில் இருந்து நகருக்கு வேலைக்கு வந்த பெண்கள் பஸ்சுக்கு நேரம் இருந்தால் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார்கள். பெஞ்ச் றீற்றாவின் குசினிக்கு நேர் எதிரே, தண்ணீரைப் பார்த்தபடி இருந்தது. அவர்கள் வாய் அசைவதும் சிரிப்பதும் தெரிந்தன. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு வயதானவர் மட்டும் தினமும் ஆறரைக்கு ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள். அந்த ஒரு கையசைப்புக்காக அவள் ஐந்து மணிக்கே எழும்பித் தலை சீவினாள்.

பாதைக்குப் போக வேறு வழி இல்லாமல் இல்லை. ஒழுங்கையால் பெரிய வீதிக்கு ஏறி, வாகனங்களுக்குள் நடந்து, பாலத்தால் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஒரு தடவை அப்படிப் போனாள். முழங்கால் உயிரை வாங்கியது. பெஞ்சுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது, பெஞ்சில் யாரும் இல்லை. உட்கார்ந்து பார்த்தால் எதிரே அவளுடைய வீடுதான் தெரிந்தது. ஆட்கள் இல்லாத வீடுபோல இருந்தது அது. அடுத்த நாள் காலை அவள் திட்டக் கந்தோருக்கு பஸ் ஏறினாள்.

நிஷாந்தி அவளை அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்க மிஸ், ஒக்காருங்க. கறிவேப்பில மரத்து மிஸ் தானே?"

"ஓம் பிள்ளை. ஒரு உதவி கேட்டு வந்தனான். எங்கட பக்கத்தில இருந்து பாதைக்குப் போறதுக்கு ஒரு சின்னப் பாலம் போடேலாதோ? நடக்கிற அளவுக்கு ஒரு இரும்புப் பாலம் போதும்."

நிஷாந்தி அலுமாரியில் இருந்து தடித்த பைல் ஒன்றை இழுத்தாள். "நானும் கேட்டுப் பாத்தேன் மிஸ். மூணு எடத்துல பாலம் போட்டாங்க, உங்க பக்கம் ஒண்ணு போடுங்கன்னு நானே எழுதுனேன். மேல இருந்து இதக் காட்டி அடிச்சிட்டாங்க." விரித்த பக்கத்தில் அவளுடைய விரல் ஒரு வசனத்தின் கீழ் நின்றது. யாரோ அதற்குச் சிவப்பில் கோடு போட்டிருந்தார்கள். இன்றோ இனி எக்காலத்திலோ எவ்விதத் தேவையும் இல்லை. "எந்த லோயர் எழுதினாரோ தெரியல மிஸ். நல்லா எழுதியிருக்காரு, ஆனா உங்கள எல்லாம் நல்லா மாட்டி வுட்டுட்டாரு."

றீற்றா தன்னுடைய கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்துப் பிசகாமல், வரி கோணாமல் எழுதியிருந்தாள்.

"இப்ப ஒண்ணும் செய்யேலாதோ?"

"செய்யலாம் மிஸ். ஒம்பது வீட்டுக்காரங்களும், குறைஞ்சது அஞ்சாறு வீடாவது, எங்களுக்குப் பாலம் வேணும்னு கையெழுத்து வெச்சுக் குடுத்தா நானே கொண்டு போறேன். தனி ஆளு கேட்டா எடுபடாது."

வீட்டுக்கு வந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். சின்னக் கடிதம். அலங்காரம் ஒன்றும் இல்லை. அடியில் ஒன்பது பெயருக்குக் கோடு போட்டு, ஒன்பதாவது கோட்டில் தன் கையெழுத்தை வைத்தாள். நாளைக்குக் காலையில் வீடு வீடாகப் போவது, ஸனா வீட்டில் தொடங்குவது, என்ன சொல்லிக் கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். முழங்கால் வருத்தம் உள்ள திருமதி விஜேகோனுக்குத் தட்டையான பாதையில் நடப்பது நல்லது என்று சொல்லலாம். மோகனராஜின் கடைக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் வருவார்கள் என்று சொல்லலாம். தனக்கு ஏன் வேண்டும் என்பதை மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

காலை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அன்று பின்னேரம் ஐந்து மணிக்குப் படலையில் சத்தம் கேட்டது. ஸனா, மோகனராஜ், விஜேகோன் மாத்தயா, அவர் மனைவி, அதற்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். ஸனாவின் மகள் கதிரைகளைக் கொண்டுவந்தாள். றீற்றாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடிதத்தை எடுத்து மேசையில் ஒரு புத்தகத்துக்குக் கீழே தயாராக வைத்துவிட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் கேட்கலாம் என்று இருந்தாள்.

"மிஸ், நாங்க ஏன் வந்தோம்னா," என்று மோகனராஜ் தொடங்கினார், "மறுபடி ஒரு பெட்டிசம் எழுதணும்."

"ஓ மிஸ்," என்றாள் ஸனா. "அந்தப் பாதையில போறவங்க எல்லாம் எங்கட குசினியத்தான் பாக்கிற. அந்த பெஞ்சில ஒக்காந்தா நேரா தெரியிது. எங்கட மகள் பின்னுக்குப் போகவே ஏலாம ஈக்கி. இந்தக் கரை நெடுக, ஒம்பது ஊட்டுக்கும், பத்தடி ஒசரத்துக்குத் தகடு அடிச்சுத் தரச் செல்லணும்."

அரசாங்கச் செலவில்தான் அடிக்க வேண்டும் என்று விஜேகோன் மாத்தயா சிங்களத்தில் சேர்த்துக்கொண்டார். போன தடவைபோலவே வலுவாக எழுத வேண்டும், முடிவில் அந்த மாதிரி ஒரு வசனம் வர வேண்டும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். யாரோ பேனாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்கள்.

றீற்றா கதிரைகளைப் பார்த்தாள். பத்துக் கதிரையில் இரண்டுதான் காலி. ஓம் என்று சொன்னால் இன்னும் பதினொரு நாள், வேண்டுமானால் பதினைந்து நாள், இந்தக் கதிரைகள் இங்கேயே இருக்கும். தட்டில் வட்டிலப்பம் வரும், முழங்கால் கதை வரும். அதற்குப் பிறகு குசினி ஜன்னலுக்கு எதிரே பத்தடித் தகடு நிற்கும். ஆறரை மணிக்கு யார் கையை உயர்த்தினாலும் தெரியாது.

"நான் எழுதமாட்டன்," என்றாள். முதலில் தமிழில் சொன்னாள். பிறகு விஜேகோன் மாத்தயாவைப் பார்த்துச் சிங்களத்திலும் சொன்னாள்.

மோகனராஜ் அவள் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார். "ஏன் மிஸ், ஒடம்பு சரியில்லயா? ஒண்ணும் அவசரமில்ல, ரெண்டு நாள் கழிச்சு..."

"எனக்கு அந்தப் பாதை வேணும். அதில ஆக்கள் போறதை நான் பார்க்க வேணும். விடிஞ்சா பொழுதுபட்டா எனக்குப் பார்க்கிறதுக்கு வேற ஒருத்தரும் இல்லை." பின் படலைப் பக்கம் கையைக் காட்டினாள். "அது இந்தக் கரையில வர இருந்தது. என்ர படலைக்கு முன்னால ஒரு பெஞ்ச் வர இருந்தது. நான்தான் என்ர கையால எழுதிக் கலைச்சனான்."

ஸனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை, உண்மையாகவே விளங்காத முகம்.

"அப்ப மிஸ், அந்த மொத பெட்டிசத்த ஏன் எழுதினீங்க? நீங்க மாட்டேன்னு சென்னா நாங்க வேற யாரயாவது பாத்தீப்போமே."

"நீங்கள் எல்லாரும் வந்தியள்," என்றாள் றீற்றா. "அதுக்காகத்தான் எழுதினனான்."

விஜேகோன் மாத்தயாவுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும், அவர்தான் முதலில் எழுந்தார். மோகனராஜ் கடையைப் பூட்டவில்லை என்று ஏதோ முணுமுணுத்தார். ஸனா வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்றாள். பிறகு உள்ளே வந்து கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி மகளிடம் கொடுத்தாள். மேசையில் புத்தகத்துக்குக் கீழே இருந்த கடிதத்தை றீற்றா எடுக்கவே இல்லை. அதை எடுக்கிற நேரம் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

தகட்டுப் பெட்டிசத்தை அடுத்த கிழமை நகரில் கச்சேரிக் கந்தோர்ப் பக்கம் தட்டச்சு மேசை போட்டிருக்கும் ஒருவரைக் கொண்டு எழுதுவித்தார்களாம். அது எங்கே போனது, என்ன ஆனது என்று யாருக்கும் இன்னும் தெரியாது. அதில் எட்டு வீட்டுக் கையெழுத்து இருந்ததாக மீன்காரன் சொன்னான். கடைசி வீட்டுக்கு, கையெழுத்துக் கேட்கக்கூட, ஒருவரும் வரவில்லை.